உதட்டில் தெரிகிற சொல்

என் நாத்தனாருக்குக் காது கேட்காது என்பதைக் கல்யாணப் பேச்சின்போதே சொல்லிவிட்டார்கள். காது கேட்காவிட்டாலும் யார் என்ன பேசுகிறார்கள் என்பது அவளுக்குத் தெரிந்துவிடும் என்பதைத்தான் ஒருவரும் சொல்லவில்லை. வந்த முதல் வாரம் சமையலறையில் நின்று, இந்த வீட்டில் ஒரு கத்திகூட வெட்டாது போலிருக்கிறதே என்று எனக்கு நானே முணுமுணுத்துக்கொண்டிருந்தேன். வாசல் நிலையில் சாய்ந்து பார்த்துக்கொண்டிருந்தவள் உள்ளே போனாள். தீட்டிய கத்தி ஒன்றைக் கொண்டுவந்து என் கையில் கொடுத்தாள். அன்றோடு முணுமுணுப்பதை விட்டுவிட்டேன். எதுவானாலும் சத்தமாகவே பேசிவிடுவேன். அவளுக்கு ரெண்டும் ஒன்றுதான்.

பேச்சு வரத் தொடங்கிய வயதில் அவளுக்கு ஒரு காய்ச்சல் வந்ததாம். போகும்போது காதையும் கூட்டிக்கொண்டு போய்விட்டது. அதன்பிறகு அவளிடம் பேச வேண்டுமென்றால் எதிரே வந்து உதட்டைக் காட்டிப் பேச வேண்டும். மீதியைக் கை பார்த்துக்கொள்ளும். உதட்டைப் படிப்பது எழுத்தைப் படிப்பது போல இல்லை. பாதிச் சொற்கள் தொண்டையிலும் நாக்குக்கு அடியிலும் ஒளிந்துகொண்டு வாலை மட்டும் வெளியே காட்டும். அதனால் ஒரு சின்னக் குழந்தையை எச்சரிப்பது அந்த வீட்டில் பெரும்பாடாக இருந்தது. என் மாமியார் "பாத்து, பாத்து" என்பாராம். உதட்டில் 'பா'வும் 'மா'வும் ஒரே மாதிரி. குழந்தைக்கு அது "மாத்து, மாத்து" என்று தெரியும். ஓடிப்போய் வேறு சட்டை மாற்றிக்கொண்டு வந்து நிற்பாள். "கவனம்மா" என்றால் "அவனம்மா" என்று தெரியும். யாருடைய அம்மா என்று சுற்றுமுற்றும் தேடுவாள். 'ஜாக்கிரதை'யோ முழுக்க முழுக்க வாய்க்குள்ளேயே நடந்து முடிந்துவிடுகிற காரியம்.

அவளுடைய அண்ணன், அதாவது என் வீட்டுக்காரர், அப்போது பள்ளிக்கூடம் போய்க்கொண்டிருந்தார். அவர்தான் 'உஷார்' என்ற சொல்லைக் கண்டுபிடித்தவர். முதலில் உதடு குவியும், பிறகு அகலத் திறக்கும். தெருவின் அந்தப் பக்கத்திலிருந்து சொன்னாலும் இந்தப் பக்கத்தில் தெரியும். வேறு எந்தச் சொல்லோடும் சேர்ந்து குழம்பாது. அதற்குப் பிறகு அந்த வீட்டில் கவனம், ஜாக்கிரதை, எச்சரிக்கை எல்லாவற்றுக்கும் சேர்த்து அந்த ஒரு சொல்தான். கொதிக்கிற தண்ணீரும் உஷார், மாடிப்படியும் உஷார், கடிக்கிற நாயும் உஷார்.

சொல்லும்போது அவருக்குப் புருவம் ரெண்டும் நெற்றியில் ஏறிவிடும், கண் பிதுங்கும், கழுத்து நரம்பு புடைக்கும். கேட்கிறவர்களுக்குச் சொல் மட்டும் தனியாகப் போய்ச் சேரும். இவளுக்கு முகமும் சேர்ந்துதான் போகும். அந்த முகம் பின்னால் எங்களுக்கு எவ்வளவு வேலை வைத்தது என்று சொல்கிறேன்.

எங்களுடையது சலவை நிலையம். ஓட்டல்களிலிருந்தும் ஒரு பெரிய ஆஸ்பத்திரியிலிருந்தும் படுக்கை விரிப்பு, துண்டு, தலையணை உறை என்று மூட்டை மூட்டையாக வரும். வெளுத்து, தேய்த்து, மடித்துத் திருப்பிக் கொடுக்க வேண்டும். முன்பக்கம் நிலையம், பின்பக்கம் வீடு. கணக்கு வழக்கும் வாடிக்கையாளரோடு வாய்ச்சண்டையும் என் பொறுப்பு. மூட்டைகளை வேனில் ஏற்றிப் போய்க் கொடுத்து வாங்கி வருவது என் வீட்டுக்காரர். இயந்திர அறை முழுக்க நாத்தனாரின் ராஜ்ஜியம். அவளுக்கு வரன்களும் வந்தன. வந்தவர்களில் ஒருவர்கூட அவள் முகத்தைப் பார்த்துப் பேசவில்லை. எல்லாரும் அவள் அண்ணனிடமே பேசிவிட்டுப் போனார்கள். என்னிடம் பேசத் தெரியாத ஆளோடு நான் என்ன குடும்பம் நடத்துவது என்று கையால் கேட்டாள். முப்பது தாண்டியும் எங்களோடுதான் இருந்தாள். எனக்கு அதில் சந்தோஷம்தான். வீட்டில் நான் பேசுவதை ஒரு வார்த்தை விடாமல் கவனிக்கிற ஒரே ஆள் அவள்தான்.

எங்களுக்கு மேலே குடியிருந்த அம்மா ஒருவர் உண்டு. மாடியிலிருந்து தெருவில் போகிற எல்லாரையும் பற்றி ஓர் அபிப்பிராயம் சொல்வார். நாத்தனார் துணிக்கூடையோடு போகும்போதெல்லாம் பக்கத்தில் இருப்பவரிடம் அவர் ஏதோ சொல்வதும், அதில் 'உஷாரு' என்று வருவதும் இவளுக்குத் தெரியும். தன்னைத்தான் மெச்சுகிறார் என்று பல வருஷமாக நினைத்துக்கொண்டு, நிமிர்ந்து பார்த்து ஒரு கும்பிடும் போட்டுவிட்டு வருவாள். ஒருநாள் துணி மடித்துக்கொண்டிருந்தபோது என் கையைத் தட்டினாள்.

"அந்தம்மா என்னை உஷாருன்னு சொல்றாங்க. நல்லதுதானே அண்ணி? அப்புறம் ஏன் வாய் ஒரு பக்கமா கோணுது?"

அவள் கையால் பேசியதை வாயால் பேசியது போலவே எழுதுகிறேன். அவள் பேச்சில் அவ்வளவு உயிர் உண்டு. எனக்கு மழுப்பத் தெரியவில்லை. மழுப்பினாலும் என் முகம் காட்டிக்கொடுத்துவிடும். அந்தச் சொல்லுக்கு இன்னொரு பக்கமும் இருக்கிறது என்று சொன்னேன். தன் காரியத்தில் கண்ணாக இருந்துகொண்டு அடுத்தவர் தலையில் மிளகாய் அரைக்கிற ஆளையும் உஷார் என்பார்கள். வாய் பேச வராவிட்டாலும் அண்ணன் வீட்டில் நன்றாக ஒட்டிக்கொண்டாள், ஆள் உஷாரு என்கிறார் அந்தம்மா. விடலைப் பையன்கள் ஒரு பெண்ணை மடக்கிவிட்டால் அதையும் 'உஷார் பண்ணிட்டேன்' என்பார்கள் என்று, பேச்சை மாற்றுவதற்காக அதையும் சேர்த்துச் சொல்லிவைத்தேன். பையன்கள் விஷயத்துக்குச் சிரித்தாள். முதல் விஷயத்துக்கு அவள் முகம் சுருங்கியது. மடித்த விரிப்பையே திரும்பப் பிரித்து மறுபடி மடித்தாள். பிறகு சொன்னாள், "எனக்காகன்னு நான் இதுவரைக்கும் ஒண்ணுமே பண்ணலையே. பேர் மட்டும் எதுக்கு?"

அந்தக் கேள்வி அவளுக்குள்ளேயே கிடந்து ஊறியிருக்க வேண்டும். கொஞ்ச நாளில் அதற்கு ஒரு வழியும் பிறந்தது. என் வீட்டுக்காரர் இயந்திர அறையில் தள்ளுவண்டி கொண்டுவந்த வேலையாளைப் பார்த்து, தரை வழுக்கும் உஷார் என்று கத்திக்கொண்டே திரும்பி, அதே சோப்புத் தண்ணீரில் கால் வைத்து விழுந்தார். வலது மணிக்கட்டு முறிந்தது. மாவுக்கட்டோடு அவர் நாற்காலியில் உட்கார, வேன் வாசலில் நின்றது. கூலிக்கு ஓர் ஓட்டுநரைப் பிடித்தோம். அவர் ஆஸ்பத்திரி மூட்டையை ஓட்டலிலும் ஓட்டல் மூட்டையை ஆஸ்பத்திரியிலும் இறக்கிவிட்டு வந்தார். அன்றைக்கு நோயாளிகளெல்லாம் பூப்போட்ட விரிப்பில் படுத்திருந்தார்களாம். சந்தோஷமாகத்தான் இருந்தார்கள் என்று நர்ஸம்மா சொன்னார். ஓட்டல்காரர்தான் சந்தோஷப்படவில்லை. அடுத்து வந்தவர் நன்றாக ஓட்டினார், ஆனால் வாரத்தில் பாதி நாள் வரமாட்டார். கடைசியில் நானே கற்றுக்கொள்கிறேன் என்று ஏறி உட்கார்ந்தேன். வேனைப் பின்னால் எடுக்கப் போய் எங்கள் நிலையத்தின் பெயர்ப்பலகையையே இடித்துச் சாய்த்தேன். இறங்கி வந்து, இந்த ஜென்மத்துக்கு இது போதும் என்று சொல்லிவிட்டேன்.

சாய்ந்த பலகையை நிமிர்த்திக்கொண்டே நாத்தனார் சொன்னாள், நான் ஓட்டுகிறேன் என்று.

என் வீட்டுக்காரர் கோபக்காரர் இல்லை. ஆனால் அன்று அவர் முகம் வெளுத்துவிட்டது. பின்னால் வருகிற லாரிக்காரன் ஹாரன் அடித்தால் உனக்கு எப்படித் தெரியும், நான் உயிரோடு இருக்கிறவரைக்கும் இது நடக்காது என்று இடது கையாலேயே எல்லாவற்றையும் சொன்னார். அவள் பொறுமையாகப் பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, ஹாரன் அடிக்கிறவன் அத்தனை பேரும் சொல்வது 'நகரு' என்ற ஒரே சங்கதிதானே, கண்ணாடியில் அவனைப் பார்த்து நான் முன்கூட்டியே நகர்ந்துவிட்டால் அவன் எதற்கு அடிக்கப் போகிறான் என்று கேட்டாள். அவர் எழுந்து உள்ளே போய்விட்டார். வீட்டில் ஒரு விவாதம் முடிந்தது என்பதற்கு அதுதான் அடையாளம்.

அவளுக்கு அந்த விவாதம் முடிந்துவிடவில்லை. அடுத்த வாரம் எங்கள் வீட்டுக்கு ஒருவர் வந்தார். ஓட்டுநர் பள்ளி நடத்துகிறவர், எல்லாரும் மாஸ்டர் என்பார்கள். வந்தவரை உட்காரவைத்துக் குடிக்கக் கொடுத்தோம். உங்கள் தங்கச்சி நாளைக் காலையிலிருந்து வரலாம், தனியாக ஒரு நேரம் ஒதுக்கிவிட்டேன், நல்ல மனசோடு அனுப்பிவைக்கிற அண்ணனைப் பார்த்துவிட்டுப் போகலாம் என்றுதான் வந்தேன் என்றார் மாஸ்டர். என் வீட்டுக்காரர் தலையாட்டிவைத்தார். வீடு தேடி வந்து பாராட்டுகிறவரை முகத்தில் அடித்தாற்போல அனுப்ப அவருக்குத் தெரியாது. அது தெரிந்துதான் தங்கை அவரை வரவழைத்திருந்தாள். மாஸ்டர் போனதும் கதவுக்குப் பின்னாலிருந்து என்னைப் பார்த்து வாயைக் கோணலாக வைத்துக்கொண்டு ஒரே ஒரு சொல்லை உதட்டால் சொன்னாள்: "உஷாரு."

மாஸ்டர் நல்ல மனிதர், ஆனால் ஓயாமல் பேசுகிறவர். முதல் நாளே ஒரு பெரிய தொல்லை கிளம்பியது. அவர் பேசப் பேச இவள் அவர் உதட்டைத் திரும்பிப் பார்க்கிறாள்; உதட்டைப் பார்த்தால் ரோடு போய்விடுகிறது. "ரோட்டைப் பாருங்க" என்று அவர் சொன்னதையே அவர் முகத்தைப் பார்த்துத்தான் தெரிந்துகொண்டாள். பயிற்சி வண்டி ஒரு பழக்கடை வரைக்கும் போய் நின்றது. அதன்பிறகு இருவரும் ஓர் ஒப்பந்தத்துக்கு வந்தார்கள். வண்டி ஓடும்போது பேச்சே கிடையாது. சொல்ல வேண்டியதை ஓரம் கட்டிவிட்டுச் சொல்ல வேண்டும். மாஸ்டருக்கு அது பெரிய விரதம். ஆனால் ஒரு மாதத்தில் அவர் வீட்டம்மா எங்கள் நிலையத்துக்கே வந்து, அவர் இப்போதெல்லாம் வீட்டிலும் கொஞ்சம் அமைதியாக இருக்கிறார் என்று நாத்தனாரின் கையைப் பிடித்துக்கொண்டு நன்றி சொல்லிவிட்டுப் போனார்.

கை கால் அவளுக்குச் சீக்கிரம் பழகிவிட்டது. எஞ்சின் எப்போது திணறுகிறது என்பது மாஸ்டருக்குக் காதில் விழும் முன்பே அவளுக்கு இருக்கை வழியாகத் தெரிந்துவிடும். சிக்கல் உரிமம் வாங்குவதில் இருந்தது. அலுவலகத்தில் முதலில் இருந்தவர், காது கேட்காதவர்களுக்குக் கிடையாது என்று கை விரித்துவிட்டார். உள்ளே இருந்த அதிகாரியைப் பார்த்தோம். மெலிந்த மனிதர், எதையும் ஒருமுறைக்கு இருமுறை யோசித்துப் பேசுகிறவர். கிடையாது என்று விதி சொல்லவில்லை, பொதுமக்களுக்கு ஆபத்தில்லை என்று சோதிக்கிறவருக்குத் திருப்தி ஏற்பட்டால் கொடுக்கலாம் என்று இருக்கிறது என்றார். இதுவரை யாருக்காவது அந்தத் திருப்தி ஏற்பட்டிருக்கிறதா என்று கேட்டேன். இல்லை, ஏனென்றால் இதுவரை யாரும் இங்கே வந்து கேட்கவில்லை என்றார். நாள் குறித்துக் கொடுத்தார்.

சோதனை நாள் வந்தது. அதிகாரி முன்னால், அவளுக்குப் பக்கத்தில், நான் பின்னால். நடுப்பகல், நல்ல வெயில், அவ்வளவாகப் போக்குவரத்துகூட இல்லை. கிளம்பும்போது என் வீட்டுக்காரர் வாசலில் நின்று கடைசியாக ஒரு உஷார் சொல்லி அனுப்பியிருந்தார், புருவமும் கண்ணுமாக. அதை அப்படியே முகத்தில் வாங்கிக்கொண்டு வந்து ஸ்டியரிங்கைப் பிடித்தாள். ஒரு காகிதப் பை பறந்து வந்தது, பிரேக். நடைபாதையில் ஒருவர் குனிந்து செருப்பை மாட்டினார், பிரேக். நிழல் ஒன்று குறுக்கே விழுந்தது, அதற்கும் பிரேக். தலையைக் கோழி மாதிரி அந்தப் பக்கமும் இந்தப் பக்கமும் வெட்டி வெட்டித் திருப்பினாள். பின்னால் வண்டிகள் வரிசை கட்டின. ஒரு திருப்பத்தில் அவள் நின்ற நிற்பில் பின்னால் வந்த சைக்கிள்காரர் எங்கள் பம்பரைக் கட்டிப்பிடித்துக்கொண்டார்.

திரும்பி வந்ததும் அதிகாரி இறங்கவில்லை. வழக்கமாக எல்லாரும் செய்வது போல என்னிடம் பேசாமல், அவள் பக்கம் நன்றாகத் திரும்பி, நிதானமாகச் சொன்னார்.

"நீங்க உஷாரா இருக்கீங்க, அது தெரியுது. ஆனா பயந்துகிட்டே உஷாரா இருக்கீங்க. ரெண்டும் ஒண்ணு இல்லம்மா. பயந்தவங்களுக்கு எல்லாமே ஆபத்தா தெரியும், அப்போ நிஜமான ஆபத்து எதுன்னு தெரியாது. போயிட்டு இன்னொரு நாள் வாங்க."

வீட்டுக்கு வந்து அவள் யாரோடும் பேசவில்லை. அவள் பேசாமல் இருப்பது என்றால் கையை மடியில் வைத்துக்கொண்டு கண்ணை மூடிக்கொள்வது. கண்ணை மூடிவிட்டால் நாம் ஒன்றும் சொல்ல முடியாது. என் வீட்டுக்காரர் முதலில் நிம்மதியாக இருந்தார். அந்த மூடிய கண்ணைப் பார்க்கப் பார்க்க அவருக்கே பொறுக்கவில்லை. சாப்பாட்டை முன்னால் வைத்துக்கொண்டு, நான் என்னதான் செய்யட்டும் என்று என்னைக் கேட்டார். எனக்கும் தெரியவில்லை.

தெரிந்தது ஒரு மத்தியான வேளையில். ஏதோ மூட்டை எண்ணிக்கை கேட்க இயந்திர அறைக்குப் போனேன். ஐந்து இயந்திரங்களும் ஓடிக்கொண்டிருந்தன. நாத்தனார் செருப்பைக் கழற்றிவிட்டு, சுவரில் சாய்ந்து, ஒரு ஆரஞ்சுப் பழத்தை உரித்துச் சாப்பிட்டுக்கொண்டிருந்தாள். தோள் தளர்ந்திருந்தது, கண் எதையும் குறிப்பாகப் பார்க்கவில்லை. திடீரென்று, ஆனால் அவசரமே இல்லாமல், எழுந்து போய் மூன்றாவது இயந்திரத்தின் முன் நின்றாள். அவள் போய் நின்றதும்தான் அது குலுங்க ஆரம்பித்தது. உள்ளே துணி ஒரு பக்கமாகச் சேர்ந்துவிட்டது. நிறுத்தி, திறந்து, பிரித்துப் போட்டு, மறுபடி ஓடவிட்டாள். திரும்பி வந்து மிச்சப் பழத்தைத் தின்றாள். தரையின் அதிர்வு மாறுவது பாதம் வழியாக அவளுக்குத் தெரியும் என்பது எனக்குப் புதிதில்லை. வருஷக்கணக்காகப் பார்க்கிறேன். ஆனால் அன்றைக்குத்தான் அவள் முகத்தைப் பார்த்தேன். அதில் பயமே இல்லை.

எதிரே போய் நின்றேன். "இப்போ நீ எப்படி இருந்தியோ, அதுதான்" என்றேன்.

அவளுக்குப் புரியவில்லை. என்ன எப்படி இருந்தேன், சும்மாதானே உட்கார்ந்திருந்தேன் என்றாள். சும்மா உட்காரவில்லை, நீ உஷாராக இருந்தாய் என்றேன். அவள் உடனே புருவத்தை ஏற்றி, கண்ணை உருட்டி, கழுத்தை நீட்டிக் காட்டி, உஷார் என்றால் இப்படி அல்லவா என்றாள். அப்படியே அவள் அண்ணனின் முகம். எனக்குச் சிரிப்பும் வந்தது, அழுகையும் வந்தது. சொல்லைக் கற்றுக்கொண்ட அன்றைக்கே பயத்தையும் சேர்த்துக் கற்றுக்கொண்டிருக்கிறாள். இத்தனை வருஷமாக அந்த முகம் இல்லாமல் அந்தச் சொல்லை அவள் பார்த்ததே இல்லை.

அன்றைக்கு நான் இதை என் வீட்டுக்காரரிடம் சொன்னேன். மறுநாள் குளியலறைக் கதவு சரியாகச் சாத்தாமல் இருந்தது. உள்ளே அவர் கண்ணாடிக்கு முன்னால் நின்று, ஒரு கையால் புருவத்தை அழுத்திப் பிடித்துக்கொண்டு, 'உஷார்', 'உஷார்' என்று சொல்லிப் பழகிக்கொண்டிருந்தார். முகம் மாறாமல் அதைச் சொல்வது அவருக்குச் சாமானியமாக இல்லை. பழகினார். அப்புறம் தங்கையின் முன்னால் போய் நின்று, சாந்தமாக, தூங்கி எழுந்தவர் போன்ற முகத்தோடு சொன்னார். அவள் முதலில் அது வேறு ஏதோ சொல் என்று நினைத்தாள். திரும்பச் சொல்லச் சொன்னாள். அவர் திரும்பச் சொன்னார். அவருடைய இரண்டு தோள்களையும் தன் கைகளால் அழுத்திக் கீழே இறக்கிவிட்டு, இப்போது சொல்லு என்றாள். மூன்றாம் தடவை அவள் கண் கலங்கிவிட்டது. அவருக்கும்தான்.

பிறகு பயிற்சி எங்கள் வேனிலேயே நடந்தது. மாஸ்டர் முன்னால், நாங்கள் பின்னால் மூட்டைகளின் மேல். என் வீட்டுக்காரரை முன்னால் உட்கார அவள் அனுமதிக்கவில்லை, புருவத்தின் மேல் அவளுக்கு இன்னும் முழு நம்பிக்கை வரவில்லை. செருப்பில்லாமல் ஓட்டினாள். தோள் இறங்கியது, தலை வெட்டுவது நின்றது. ரோட்டைத் துண்டு துண்டாகப் பார்க்காமல் மொத்தமாகப் பார்க்கத் தொடங்கினாள். மாவுக்கட்டு பிரித்த வாரத்தில் என் வீட்டுக்காரர் ஒரு விரிப்பு மூட்டையில் தலை வைத்துத் தூங்கிப்போனார். அவர் தங்கை ஓட்டும்போது தூங்கிவிட்டார் என்பதை மாஸ்டர் ஓரம் கட்டச் சொல்லி, வண்டி நின்றபிறகு அவளிடம் சொன்னார். அவள் இறங்கி வந்து, பின்கதவைத் திறந்து, அண்ணன் தூங்குவதைப் பார்த்துவிட்டுப் போய் மறுபடி உட்கார்ந்தாள்.

இரண்டாவது சோதனை நாளில் மழை. அதிகாரி வேண்டுமென்றே சந்தைத் தெரு வழியாகப் போகச் சொன்னார். கண்ணாடியெல்லாம் ஏற்றியிருந்தது. வைப்பர் அடித்துக்கொண்டிருந்தது. குடைகள், தள்ளுவண்டிகள், பள்ளிக்கூடம் விட்ட பிள்ளைகள். பின்னால் ஒரு லாரி நெருங்குவதற்குள் இவள் ஓரம் ஒதுங்கி, கண்ணாடிக்குள்ளிருந்தே போகச் சொல்லிக் கையைக் காட்டினாள். லாரிக்காரர் ஹாரனில் வைத்த கையை எடுத்து ஒரு சலாம் வைத்துவிட்டுப் போனார். பெரிய சந்திப்பில் சிவப்பு விளக்குக்கு நின்றோம். பச்சை விழுந்தது. இவள் எடுக்கவில்லை. பின்னால் வண்டிகளெல்லாம் ஒன்றாகக் கத்த ஆரம்பித்தன. அதிகாரி பேனாவை எடுப்பதைப் பார்த்தேன். அவள் தோள் இறங்கியபடியே இருந்தது. எதிர் நடைபாதையில் குடை பிடித்து நின்றவர்கள் எல்லாரையும் மெல்ல விரலால் சுட்டிக் காட்டினாள். அத்தனை குடைகளும் ஒரே பக்கமாகத் திரும்பியிருந்தன.

அப்போதுதான் வந்தார்கள். பந்தயத்துக்குப் பழகுகிற சைக்கிள்காரர்கள், ஒரு கூட்டமே, மழையில் தலையைக் கவிழ்த்துக்கொண்டு, விளக்கைப் பார்க்காமல் எங்கள் முகத்துக்கு முன்னால் ஒரு கோடு போட்டது போலச் சீறிக்கொண்டு போனார்கள். சத்தமே இல்லை. சைக்கிளுக்கு ஏது சத்தம். கேட்கிற காதுகள் அத்தனையும் ஹாரனைக் கேட்டுக்கொண்டிருந்தன. கடைசி சைக்கிள் தாண்டியதும் அவள் இரண்டு பக்கமும் பார்த்து, கியர் போட்டு, வெண்ணெய்போல வண்டியை எடுத்தாள்.

அலுவலகம் வந்து சேர்ந்தோம். வண்டியை நிறுத்தியதும் அதிகாரி அவள் பக்கம் திரும்பினார்.

"இன்னிக்கு இந்த வண்டியில பயந்துகிட்டு இருந்தது யார் தெரியுமா? நான்தான்" என்றார். பிறகு சிரித்துவிட்டு, "எனக்குத் திருப்தியா இருக்கும்மா" என்றார்.

அவள் உரிமத்தை வாங்கிக்கொண்டு வெளியே வந்த கோலத்தை நான் மறக்கமாட்டேன். மழையில் நின்றுகொண்டிருந்த அண்ணனிடம் அதைக் காட்டினாள். அவர் படத்தைப் பார்த்தார், தங்கையைப் பார்த்தார், வேனின் பின்கதவைத் திறந்து மூட்டைகளின் மேல் ஏறி உட்கார்ந்துகொண்டார். வீடு வரைக்கும் ஓட்டுவது யார் என்பதில் அவருக்குச் சந்தேகமே இல்லை. எங்கள் தெருவுக்குள் வேன் நுழைந்தபோது மேல்வீட்டம்மா மாடியில்தான் இருந்தார். நாத்தனார் வண்டியை நிறுத்தி, தலையை வெளியே நீட்டி, வழக்கம்போல ஒரு கும்பிடு போட்டாள். அந்தம்மா பதிலுக்குக் கும்பிட்டதை அன்றைக்குத்தான் பார்த்தேன். மாதம் ஒருமுறை மூட்டுவலிக்கு ஆஸ்பத்திரி போகிற அவரை விரிப்பு மூட்டைகளோடு இப்போது அவள்தான் கொண்டுபோய் இறக்கிவிடுகிறாள். அந்தம்மா ஊரில் எல்லாரிடமும் அவளைப் பற்றிப் பேசுகிறார். வாய் நேராகத்தான் இருக்கிறது.

சங்கதி பரவிவிட்டது. காது கேட்காத ஒரு வெல்டிங்காரர் முதலில் வந்தார், தன் தம்பியைத் துணைக்குக் கூட்டிக்கொண்டு. பிறகு தையல்கடையில் வேலை பார்க்கிற அக்கா தங்கை இருவர், ஒரு மீன் வியாபாரி. மாஸ்டர் தன் பள்ளியில் அவர்களுக்கென்று ஒரு வகுப்பே தொடங்கிவிட்டார். சொல்லிக்கொடுப்பது நாத்தனார், இயந்திர அறைக்கு இன்னோர் ஆளைப் பழக்கிவிட்டு, பாதி நாள் அங்கே போய்விடுகிறாள். வண்டியைத் தொடுவதற்கு முன்பு முதல் பாடம் தோளை இறக்குவது. அதற்கே சிலருக்கு ஒரு வாரம் ஆகிறது.

போன மாதம் வெல்டிங்காரருக்குச் சோதனை. வகுப்பில் இருந்தவர்கள் எல்லாரும் அலுவலக முற்றத்துக்கு வந்துவிட்டார்கள். நானும் நிலையத்தை என் வீட்டுக்காரர் பொறுப்பில் விட்டுவிட்டு ஓடினேன். வண்டி திரும்பி வந்தது. அதிகாரி இறங்கி, கூட்டத்தைப் பார்த்துத் தலையை அசைத்தார். அவ்வளவுதான், முற்றம் முழுக்கக் கைகள் மேலே போயின. காது கேட்காதவர்கள் கைதட்டுவது அப்படித்தான். இரண்டு கையையும் உயர்த்தி, காற்றில் இலை படபடப்பது போல விரல்களை அசைப்பார்கள். ஒரு சத்தமும் இல்லை. தையல்கடை அக்கா தங்கையின் கை, மீன்காரரின் கை, மாஸ்டரின் கை. வெல்டிங்காரர் வண்டியை விட்டு இறங்கக்கூட முடியாமல் ஸ்டியரிங்கைப் பிடித்தபடி சிரித்துக்கொண்டே இருந்தார். அதிகாரி கொஞ்ச நேரம் நின்று பார்த்தார். பிறகு கையிலிருந்த பையைத் தரையில் வைத்துவிட்டு, தானும் இரண்டு கையையும் தூக்கினார். அவருக்கு விரல் சரியாக அசையவில்லை. என் நாத்தனார் கூட்டத்திலிருந்து வெளியே வந்து, அவர் எதிரே நின்று, எப்படி என்று காட்டிக்கொடுத்தாள்.